நாணயத்தின் நிறை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் வீதியில், அளம்பிலையும் செம்மலையையும் கடந்தபின் வருவது நாயாறு. பெயரில் ஆறு உண்டு. பாலத்தில் நின்று நோக்குபவன் காண்பதோ ஆறன்று. மேற்கே காட்டோரம்வரை விரிந்து கிடக்கும் களப்பும் கிழக்கே கடலுமே. ஆறென்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு களப்பைப் பார்த்திருப்பது அவ்வூரார்க்குப் பழகிப்போன ஒன்று. சொல் ஒருபுறமும் பொருள் மறுபுறமும் நிற்பதை அவர்கள் ஒரு குறையாகக் கொள்வதுமில்லை.

இவ்வூர் மாணவன் ஒருவன் உயர்தர வகுப்பிலே கிரேக்க உரோம நாகரிகத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தான். உரோமாபுரியின் ஏழு அரசரையும் வரிசை பிறழாது ஒப்புவிப்பான்: உரோமுலசு, நூமா, துல்லசு, அங்கசு, மூத்த தார்க்குவின், சேர்வியசு துல்லியசு, செருக்கன் எனப் பெயரெடுத்த இளைய தார்க்குவின். மாலை வேளையில் அவன் உரத்துப் படிப்பதைத் திண்ணையிலிருந்து வலை பொத்தியபடி கேட்டுக்கொண்டிருப்பவர் அவனுடைய அப்பு. இளமையிற் சம்மாட்டியொருவரிடம் கரைவலை இழுத்தவர். கி.மு. 509இல் உரோமர் அரசனைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தனர் என்று பேரன் படித்த அன்று அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் சரி தம்பி. ராசா போனாப்பிறகு சனத்துக்குப் பங்கு கூடினதோ?”

பேரன் சிரித்தான். அக்கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. கரைவலையில் மீன் கரையேறியதும் வலைக்காரனுக்கு இவ்வளவு, இழுத்தவனுக்கு இவ்வளவு என்று பிரிப்பதைக் கண்டே வாழ்ந்த ஒருவருக்கு, தலைவர்களைப் பற்றிக் கேட்பதற்கு வேறு கேள்வி தோன்றாதது இயல்பே. எனினும் உரோமாபுரியின் தலைவர்களைப் பற்றி எழுதியவர் பலரும் கேட்க மறந்த கேள்வி இதுவெனலாம்.

அரசன் போனபின் உரோமர் இரு கொன்சல்களை ஆண்டுதோறும் தெரிந்தனர். ஒருவன் செய்வதை மற்றவன் தடுக்கலாம். ஓராண்டு முடிந்ததும் இருவரும் இறங்கவேண்டும். பேராபத்து நேர்ந்தால் மட்டும் ஒருவனுக்கு ஆறு திங்களுக்கு முழு அதிகாரம் வழங்கப்பட்டது. கி.மு. 458இல் அவ்வாறு அழைக்கப்பட்ட சின்சினாத்தசு ஏரை வயலில் விட்டுவிட்டுப் போருக்குச் சென்று, பதினாறாம் நாள் அதிகாரத்தைத் துறந்து வயலுக்கு மீண்டான் என்பது உரோமர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி மகிழ்ந்த கதை. வன்னியிலே நெல் விதைப்பவருக்கும் இக்கதை பிடிக்கும். ஆனால் கதை சின்சினாத்தசைப் பற்றியதேயன்றி அவனுடைய அயல் வயற்காரனைப் பற்றியதன்று. அயல் வயற்காரன் கடனில் மூழ்கியிருந்தான். பொதுமக்கள் கி.மு. 494இல் நகரைவிட்டே வெளியேறி நின்றதும், அதன் பயனாகத் தமக்கெனத் திரிபியூன்களைப் பெற்றதும், கி.மு. 367இலே கொன்சல் பதவியில் ஓரிடத்தைப் பிடித்ததும் குடியரசின் பெருமைகளாகப் பேசப்படுகின்றன. பெருமைதான். ஆயினும் அப்புவின் கேள்வி அவற்றால் முழுமையாக விடைபெறவில்லை. அதனை நேருக்குநேர் எழுப்பியவன் தைபீரியசு கிராக்கசு. நாடுகளை வென்ற படைவீரன் வீடு திரும்பியபோது தன் சிறுநிலம் பெருநிலக்காரன் கைக்குப் போயிருக்கக் கண்டான். அந்நிலத்தைப் பங்கிடவேண்டுமென்று சட்டமியற்றிய கிராக்கசு கி.மு. 133இல் செனற்றர்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டான். அவன் தம்பி காயசு கிராக்கசு கி.மு. 121இல் அவ்வழியே போனான். பங்கு கேட்டவர் இருவரும் மாண்டபின், பங்கு தருவதாகச் சொன்ன படைத்தலைவர்கள் எழுந்தார்கள். மாரியசு, சுல்லா, பொம்பி, சீசர் என்று நீளும் அந்த வரிசையைப் பரீட்சைக்குப் படிப்பவர் எவரும் அறிவர்.

யூலியசு சீசர் கி.மு. 44இல் வாழ்நாட் சர்வாதிகாரியானான். அவ்வாண்டிலே அவன் முகம் உரோம நாணயத்திற் பொறிக்கப்பட்டது. உயிரோடிருக்கும் உரோமன் ஒருவனின் முகத்தை அந்நகரின் நாணயம் தாங்கியது அதுவே முதன்முறை. மார்ச் 15ஆந் திகதி அவனைக் குத்தியவர்கள் அரசு என்ற சொல்லுக்கு அஞ்சிக் குத்தினார்கள். அவன் பெயரைக் கொன்றுவிடலாமென்று எண்ணினர் போலும். அந்தப் பெயரோ பிற்காலத்தில் செர்மனியிலும் உருசியாவிலும் பேரரசனைக் குறிக்கும் சொல்லாயிற்று.

அவனுடைய மகவாக வந்த ஒகத்தசே இவ்வரலாற்றின் நாயகன். சீசர் செய்த பிழையை அவன் செய்யவில்லை. அரசன் என்ற பெயரை வேண்டான்; வாழ்நாட் சர்வாதிகாரத்தையும் வேண்டான். கி.மு. 27இலே குடியரசைச் செனற்றின் கையில் ஒப்படைத்துவிட்டதாக அறிவித்தான். கொன்சல்கள் ஆண்டுதோறும் தெரியப்பட்டனர். செனற் கூடியது. திரிபியூன் என்ற பதவியும் இருந்தது. ஆனால் திரிபியூனின் அதிகாரம் கி.மு. 23 முதல் ஒகத்தசிடமும் இருந்தது. படைகள் நின்ற மாகாணங்கள் பெரும்பாலும் அவன் பொறுப்பிலேயே இருந்தன. தன்னை அவன் முதற்குடிமகன் என்றே சொல்லிக்கொண்டான். பதவிப் பெயர் ஒன்றைக்கூட அவன் அழிக்கவில்லை. பழைய வீட்டின் சுவர்களை அப்படியே நிற்கவிட்டு உள்ளே இருந்த பண்டங்களை இடம்மாற்றியவனைப் போல நடந்துகொண்டான். நூறாண்டு கழித்து வரலாறெழுதிய தசித்தசு இதனைக் கூர்ந்து கண்டுகொண்டார். அக்காலத்தில் வாழ்ந்தவர் எத்தனைபேர் கண்டுகொண்டனர் என்பது வேறு விடயம். நெடுங்காலம் உள்நாட்டுப் போரில் இரத்தம் சிந்திய மக்களுக்கு அமைதி வேண்டியிருந்தது. பெயர்கள் அப்படியே இருந்தமை ஆறுதலாகவும் இருந்தது.

ஒகத்தசின் மறைவான முடியாட்சியைத் தமிழர் தம் கையிலே தொட்டுப் பார்த்தனர் என்பது பலர் கவனியாத செய்தி. கொங்கு நாட்டிற் கரூரிலும் பொள்ளாச்சியிலும் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளிற் பெரும்பாலானவை ஒகத்தசும் அவனுக்குப்பின் வந்த தைபீரியசும் வெளியிட்டவை. ஒகத்தசின் காசுகளிலே தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது ஒரு வகை: ஒருபுறம் அவன் முகம், மறுபுறம் கேடயமும் வேலும் கொண்டு நிற்கும் இரு இளைஞர். அவர்கள் காயசு, லூசியசு என்னும் அவனுடைய மகள்வழிப் பேரர்கள். அவனால் மக்களாகச் சுவீகரிக்கப்பட்டவர்கள். குடியரசை மீட்டுத் தந்தவன் தன் வாரிசுகளைக் காசில் நிறுத்திவைத்திருக்கிறான்! அரசன் என்ற சொல் அக்காசில் எங்கும் இல்லை. மிளகு விற்றுக் காசு வாங்கிய வணிகனுக்கு அந்த எழுத்தும் தெரியாது; உரோமில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியதை அவன் படத்திலேயே கண்டிருப்பான்.

இலங்கையிலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி நடந்தது. பிளினி தமது ‘இயற்கை வரலாறு’ நூலின் ஆறாம் பகுதியில் அதனைக் கூறுகிறார். செங்கடற் பகுதியில் வரி குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியசு புளோக்கமசு என்பவனுடைய விடுதலைபெற்ற அடிமையொருவன், அரேபியாவைச் சுற்றிக் கப்பலிற் செல்கையில் காற்றில் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் இப்பூரி என்னும் துறையில் ஒதுங்கினான். மேலைக்கரையிலுள்ள குதிரைமலையே அத்துறை என்பர் சிலர். கிரேக்க மொழியிற் குதிரைக்கு ‘இப்போசு’ என்று பெயராதலால் அக்கருத்து எழுந்தது. மன்னன் அவனை ஆறு திங்கள் உபசரித்தான். உள்ளூர் மொழி பயின்றதும் அவன் மன்னனுக்கு உரோமரையும் சீசரையும் பற்றிச் சொன்னான். மன்னனை வியக்கவைத்தது அவன் சொன்ன கதைகளன்று. அவனிடமிருந்து கிடைத்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தன. ஆகவே அவை வெவ்வேறு ஆட்சியாளர் வெளியிட்டவை. ஆனால் எல்லாம் ஒரே நிறையாக இருந்தன. அதைக் கண்டே அவன் உரோமரின் நேர்மையை மதித்து, குளோடியசு பேரரசனிடம் நால்வரைத் தூதனுப்பினானாம்.

இக்கதையில் மிகை கலந்திருக்கலாம். தம் நாட்டு நேர்மையை அயலான் வாயாற் புகழ்விப்பதில் பிளினிக்கு விருப்பமில்லாமலில்லை. அவ்வாறே கொண்டாலும் அம்மன்னனின் முறை சிந்திக்கத்தக்கது. அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தராசை எடுத்தான். தமிழிலே காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவதை அறிந்தவருக்கு இதிற் புதுமையொன்றுமில்லை. அதே நிறை நெடுங்காலம் நிலைக்கவுமில்லை. குளோடியசுக்குப்பின் வந்த நீரோ கி.பி. 64 அளவில் வெள்ளிக்காசின் நிறையைக் குறைத்தான். ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்த இடத்தில் 96 அடிக்கப்பட்டன. வெள்ளியின் தூய்மையும் தாழ்ந்தது. முகம் தெளிவாகவே இருந்தது. தமிழ்நாட்டுப் புதையல்களில் நீரோவின் புதிய வெள்ளிக்காசுகள் அரிதாகவே கிடைக்கின்றன. கடல்கடந்த வணிகர் பழைய காசுகளையே விரும்பினர் என்று ஆராய்ச்சியாளர் இதற்குக் காரணங் கூறுவர். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பலவற்றின் முகத்திலே உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது. காசைக் காசாக வழங்கவிடாது பொன்னாக மட்டும் கொள்வதற்கு இட்ட வெட்டென்று கருதுவர். எந்தச் சக்கரவர்த்தியாயினும் அந்த உளிக்கு ஒன்றே.

அம்மன்னனின் தராசைக் கையிற்கொண்டு நாயாற்றுக்கு மீளலாம். உரோமரைப்போல வன்னிக்கும் ஒரு வரிசை உண்டு. அந்த மாணவன் படித்த பாடநூலில் அது இல்லை. பொலனறுவை அரசு சிதைந்த 13ஆம் நூற்றாண்டுக்குப்பின், வடக்கே யாழ்ப்பாண அரசுக்கும் தெற்கே சிங்கள அரசுகளுக்கும் இடைப்பட்ட காட்டு நாட்டில் வன்னியர் என்னும் குறுநிலத் தலைவர் தோன்றினர். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று பற்றுக்கள் பல. அவர்களின் தோற்றத்தைப் பற்றி ‘வையாபாடல்’ ஒரு கதை சொல்கிறது, ‘யாழ்ப்பாண வைபவமாலை’ வேறொரு கதை சொல்கிறது, பேராசிரியர் சி. பத்மநாதன் போன்றோர் அவற்றை ஆய்ந்து எழுதியுள்ளனர். ஈண்டு வேண்டப்படுவது தோற்றமன்று, தேய்வே.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. வன்னியர் வன்னியராகவே இருந்தனர். ஆண்டுதோறும் யானைகள் திறையாகக் கொடுக்கவேண்டும் என்பது மட்டுமே ஏற்பாடு. அந்த யானைகள் யாழ்ப்பாணத்தில் விலையாகி இந்திய வணிகருடன் கடல் கடந்தன. திறை ஒழுங்காக வந்து சேரவில்லையென்பது ஒல்லாந்தரின் ஓயாத முறைப்பாடு. 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த சுவார்டகுரூன் விட்டுச்சென்ற குறிப்பிலே வன்னியரின் தலைவராக இருவர் வருகின்றனர்: தொன் பிலிப் நல்லமாப்பாணன், தொன் கஸ்பார் இலங்கைநாராயண மாப்பாணன். அப்பெயர்களை ஒருமுறை மெல்ல வாசித்துப் பார்ப்பது நன்று. முன்னே போர்த்துக்கேயன் தந்த ‘தொன்’. அதையடுத்துத் திருமுழுக்குப் பெயர். கடைசியிற் பரம்பரைப் பட்டம். எழுதி வைத்தவனோ ஒல்லாந்தன். ஒரே காசின்மேல் மூன்று அச்சுக்கள் விழுந்தாற் போல இருக்கிறது. ஆயினும் அக்காசு அப்போது நிறையிழந்து விடவில்லை. காடும் யானையும் ஆளும் வன்னியன் கையிலேயே இருந்தன. திறையைப் பிந்தவும் விடவும் அவனால் முடிந்தது.

1782இல் ஒல்லாந்தர் பொறுமையிழந்தனர். லெப்ரினன்ற் நாகெல் தலைமையிற் படை வந்தது. வன்னியர் ஆட்சி ஒழிக்கப்பட்டு, நாகெலே முல்லைத்தீவிலிருந்து வன்னியை நிருவகித்தான். அப்போரில் ஒல்லாந்தருக்குக் கடும் எதிர்ப்புக் காட்டியவள் ஒரு பெண், வன்னிச்சி மரியா செம்பாட்டை. அவளைச் சிறைப்படுத்திக் கொழும்புக் கோட்டையில் அடைத்துவைக்க நேர்ந்தது. நீரோ காசைத் தேய்ப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரித்தானியாவில் உரோமரை எதிர்த்தெழுந்த பூடிக்கா என்னும் அரசியை வரலாறு படித்தோர் அறிவர். உரோமருக்கு எதிராக எழுந்த அவளை அறிவதற்குத் தசித்தசு போன்ற உரோம உலகத்து ஆசிரியரின் நூல்களே வழி. மரியா செம்பாட்டையையும் ஐரோப்பியர் எழுதியதாலேயே அறிகிறார்கள். பூடிக்காவுக்கு இலண்டனிலே தேர்மேற் சிலை உண்டு. அவளை வென்ற பேரரசைப்போல் தாமும் ஒரு பேரரசான காலத்தில் ஆங்கிலேயர் அச்சிலையைச் செய்தனர் என்பது ஒரு வேடிக்கை.

நாகெல் நெற்செய்கையைப் பெருக்க முயன்றான் என்பதையும் மறைப்பதற்கில்லை. ‘பங்கு கூடினதோ’ என்ற கேள்வியைக் கேட்கப் புகுந்தவர் அதன் விடை எப்போதும் நம்மவர் பக்கமே சாயுமென்று எதிர்பார்க்கக் கூடாது. வன்னியனுக்கு யானை பிடித்துக் கொடுத்தவனும் ஒரு குடியானவனே. அவனுக்கு என்ன கிடைத்தது என்று எந்தப் பாடலும் சொல்லவில்லை.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1803இலே கண்டியுடன் அவர்கள் பொருதுகொண்டிருந்த வேளையில், பண்டாரவன்னியன் கண்டியரின் துணையுடன் எழுந்து, ஆகஸ்ட் 25ஆந் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். காவலிலிருந்த கப்டன் வொன் டிரிபேர்க் படகுகளில் யாழ்ப்பாணத்துக்குத் தப்பினான். நாயாற்றுக் கரையிலிருந்து வடக்கே பார்த்தால், அப்படகுகள் சென்ற கடல் இதே கடல்தான். அக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அன்றே அவன் வீழ்ந்தானென்பது மக்கள் வழக்கு. மேலும் சில ஆண்டுகள் அவன் உயிரோடிருந்தானென்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். பின்னர் அவ்விடத்தில் ஆங்கில அதிகாரிகள் ஒரு கல் நாட்டினர். அக்கல்லிற் பொறித்த வாசகத்தின் எழுவாய் டிரிபேர்க், பண்டாரவன்னியன் செயப்படுபொருள். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அவ்வாக்கியத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எனினும் அக்கல்லைத் தேடிச் சென்றவர்கள் செயப்படுபொருளைக் காணவே சென்றனர். வவுனியா நகரிற் சிலை எழுந்ததும் அவனுக்கே.

அதன்பின் வன்னியை ஆண்டது கச்சேரி. வடமாகாணத்துக்கு அரசாங்க அதிபராக வந்த டைக் 1867இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவரை ‘வடக்கின் இராசா’ என்றனர். சம்பளம் பெறும் உத்தியோகத்தர் ஒருவருக்கு இராசப் பட்டம் கிடைத்தது. இராசப் பட்டம் உடைய வன்னியரின் சந்ததி எங்கே போயிற்றென்று எவரும் கேட்கவில்லை. ஒகத்தசு இருந்திருந்தால் இதைக் கண்டு புன்னகைத்திருப்பான். ஊர் மட்டத்திலிருந்த உடையார், விதானையார் என்ற தலைமைக்காரர் முறை 1963இல் நீக்கப்பட்டுக் கிராமசேவகர் வந்தனர். நாயாற்றுப் பக்கத்திலே இன்றுங்கூட ஒரு கடிதத்துக்குக் கையொப்பம் வாங்கப் போகும் முதியவர் “விதானையாரிட்டப் போட்டு வாறன்” என்றே சொல்லிப் புறப்படுகிறார்.

பெயர் மட்டும் எஞ்சுவது எத்தகையது என்பதை இக்கரையார் இன்னொரு வகையிலும் அறிவர். 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு ஆகிய ஊர்களின் தமிழ்மக்கள் இடம்பெயர்ந்தனர். வரைபடத்திலே ஊர்ப்பெயர்கள் இருந்தன. ஊரில் அவர்கள் இல்லை. 2009இல் போர் முடிந்தபின்னரே பலர் மீண்டனர். அந்த அப்புவும் அவர்களில் ஒருவர். இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ தலைவர்களின் பெயர்களை அவர் கேட்டிருந்தார். அவர்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று பேரன் அவர் அருகில் உட்கார்ந்தான். ஒகத்தசு குடியரசை மீட்டானா என்றொரு வினா வந்திருந்தது. படைகள் எவன் கையிலிருந்தன, வாரிசு எவ்வாறு அமைந்தது என்றெல்லாம் ஆசிரியர் சொல்லித் தந்தபடியே எழுதியிருந்தான். எழுதும்போது அப்புவின் பழைய கேள்வி நினைவுக்கு வந்ததாம்.

“பங்கு கூடினது, அப்பு. ரோமில இருந்த ரெண்டு லட்சம் பேருக்கு அவர் சும்மா தானியம் குடுத்தவர். பட்டாளத்தால விலகினவைக்குக் காணியும் காசும் குடுத்தவர்.”

“தானியம் எங்கையிருந்து வந்தது?”

“கனக்க எகிப்திலயிருந்து. அதைப் பிடிச்சதும் அவர்தான்.”

“அங்கை ஆர் ராசா?”

“அங்கையும் அவர்தான்” என்றான் பேரன். “ரோமிலதான் ராசா எண்டு சொல்லக்கூடாது. எகிப்துக் கோயில் சுவரில அந்த நாட்டு ராசா மாதிரியே முடியோட கீறி வைச்சிருக்கினம்.”

அப்பு தலையசைத்துவிட்டு, அறுந்திருந்த அடுத்த வலைக்கண்ணை எடுத்தார்.